சன்னது முதல் நடைமுறைச் சான்றிதழ் வரை: உடல், மன இயலாமையால் வழக்குரைஞர் தொழிலை நிறுத்திவைத்தல் – ஒரு சட்ட வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நோய், விபத்து, முதுமை, மனநலக் குறைவு ஆகியவற்றால் தொழில் செய்ய இயலாது போகும் வழக்குரைஞரின் உரிமம் என்னவாகிறது என்னும் வினாவை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் அணுகுகிறது. 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழில்புரிவோர் சட்டம் முதல் 2015ஆம் ஆண்டின் நடைமுறைச் சான்றிதழ் விதிகள் வரை உரிமத்தின் வடிவம் மாறிவந்துள்ளது. அம்மாற்றத்தினூடே, குற்றம் சாராத விலகலுக்கு இருந்த இடம் எவ்வாறு சுருங்கியது என்பதும், அதன் விளைவு சென்னையின் மேற்குப் புறநகர் போன்ற கீழமை நீதிமன்றப் பகுதிகளில் எவ்வாறு அமையும் என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சன்னது, வழக்குரைஞர் சட்டம் 1961, நிறுத்திவைப்பு, இடைநீக்கம், சேமநல நிதி, வக்காலத்து, பூந்தமல்லி, அம்பத்தூர்.

முன்னுரை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ ஆவடிப் பகுதியின் பட்டறை ஒன்றிலோ இயந்திரத்தில் கைப்பெருவிரலை இழக்கும் தொழிலாளிக்கு அவ்விழப்பின் அளவைச் சட்டம் எண்ணாகவே தந்திருக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை பெருவிரல் இழப்பை முப்பது விழுக்காட்டு ஈட்டுத்திறன் இழப்பாகக் கணக்கிட்டது. அவ்விழப்பீட்டைப் பெற்றுத்தரும் பணி புறநகர் வழக்குரைஞர் பலருக்கு அன்றாடத் தொழில். அதே வழக்குரைஞர் பக்கவாதத்தால் பேச்சிழந்தாலோ பார்வை குன்றினாலோ அவருக்கென அத்தகைய அட்டவணை ஏதும் இல்லை. அவருக்கு முதலாளி இல்லை. ஆகவே தொழிலாளர் அரசுக் காப்பீடும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது உடற்குறை அடைந்த அரசுப் பணியாளரைப் பணியினின்று நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அப்பாதுகாப்பும் தனித்துத் தொழில் புரிபவரைச் சென்றடைவதில்லை.

அவருக்கு எஞ்சி நிற்பது உரிமம் ஒன்றே. அவ்வுரிமத்தை வைத்துக்கொண்டு வீட்டிலிருத்தல், நிறுத்திவைத்தல், பெயரை நீக்கிக்கொள்ளுதல் என மூன்று வழிகள் அவர்முன் உள்ளன. இவற்றுள் எதுவும் இயலாமையைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டதன்று என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ‘இயலாமையால் செயல்படா நிலை’ என்றே ஒரு தனிநிலை உண்டு. நம்மிடம் அது உருவாகாமல் போனது ஏன் என்பதற்கு விடை, பெரும்பாலும் சட்டச் சொற்களின் வரலாற்றில் கிடைக்கிறது.

சொற்கள் குறித்து

தமிழில் இப்பொருளை எழுதப் புகுவோர் முதலில் சொற்சிக்கலை எதிர்கொள்கின்றனர். ஆங்கிலச் சட்டமொழியில் ‘டிசெபிலிட்டி’ என்பது நெடுங்காலம் உடலைக் குறித்த சொல்லாக இருக்கவில்லை. ஒருவர் சட்டத்தின்முன் தாமே ஒரு செயலைச் செய்ய முடியாத நிலையையே அது குறித்தது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இன்றும் அப்பழைய பொருளிலேயே சிறாரையும் மனநலம் குன்றியோரையும் ஒரே தலைப்பின்கீழ் வைக்கிறது. பெண் என்பதும் ஒரு காலத்தில் இவ்வகைத் தடையாகவே கொள்ளப்பட்டது. 1916இல் ரெஜினா குஹாவின் விண்ணப்பத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தபோது அவருடைய கல்வியில் குறை காணப்படவில்லை. ‘தகுதியுடைய நபர்’ என்ற சொல் பெண்ணைக் குறிக்காது என்பதே வாதம். 1923இல் தனிச்சட்டம் ஒன்று வந்தே அத்தடையை நீக்கிற்று.

தமிழ்நாட்டில் ‘ஊனமுற்றோர்’ என்பது 2006–2011 ஆட்சிக்காலத்தில் அரசாணை மொழியிலிருந்து விலகி, ‘மாற்றுத்திறனாளி’ என்பது நிலைபெற்றது. மதிப்புமிக்க அம்மாற்றம் நம் பொருளுக்கு முழுதும் பொருந்திவரவில்லை. ஆறு மாதம் மட்டும் தொழில் செய்ய இயலாத ஒரு புற்றுநோயாளியை மாற்றுத்திறனாளி என்பது பொருந்தாது. ஆகவே இங்கு ‘இயலாமை’ என்ற சொல்லே ஆளப்படுகிறது.

மற்றொன்று: ஆங்கிலத்தில் ‘சஸ்பென்ஷன்’ என்ற ஒரே சொல் தண்டனையாகத் தொழில் தடுக்கப்படுவதையும், ஒருவர் தாமே தொழிலை நிறுத்திவைப்பதையும் குறிக்கிறது. தமிழ் இவ்விடத்தில் வளமுடையது. முன்னதை ‘இடைநீக்கம்’ எனவும் பின்னதை ‘நிறுத்திவைப்பு’ எனவும் பிரித்துரைக்கலாம். இவ்வேறுபாடு வெறும் மொழிநயம் அன்று என்பது பின்னர்ப் புலப்படும்.

சன்னது காலம்

கும்பெனி ஆட்சியில் வக்கீல்களின் நியமனம் ஒழுங்குமுறைச் சட்டங்களால் வகுக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1802இலும் பின்னர் 1816இலும் வந்த ஒழுங்குமுறைகள் சுதேச வக்கீல்களைச் சன்னது வழி நீதிமன்றத்தோடு பிணைத்தன. எனினும் நம் வினாவுக்கு உரிய தெளிவான அமைப்பு 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழில்புரிவோர் சட்டத்தில்தான் காணப்படுகிறது. அதன் 7ஆம் பிரிவின்படி பிளீடருக்கும் முக்தியாருக்கும் தரப்படும் சான்றிதழ் அந்த ஆண்டின் இறுதிவரையே செல்லும். தொடர்ந்து தொழில் செய்ய விரும்புபவர், தாம் வழக்கமாகத் தொழில் புரியும் எல்லைக்குரிய மாவட்ட நீதிபதியிடம் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கும்போது பழைய சான்றிதழ் இரத்துச் செய்யப்பட்டு நீதிபதியிடமே தங்கும். இன்று சென்னையின் மேற்குப் புறநகராக அறியப்படும் பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடிப் பகுதி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தினின்று திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது 1997இல்தான்.

இவ்வமைப்பில் நோயுற்ற பிளீடர் ஒருவர் எவருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘தொடர்ந்து தொழில் செய்ய விரும்பினால்’ என்பதே சட்டத்தின் நிபந்தனை. விரும்பாதவர் புதுப்பிக்காமல் விடுவார். செயல்படா நிலை என்பது ஆண்டுதோறும் இயல்பாகவே திறந்திருந்த ஒரு வாயில் எனலாம். இதைப் பொற்காலமாகக் காட்டுவது தவறு. புதுப்பித்தலுக்கு முத்திரைக் கட்டணம் உண்டு. ஆகவே நோயால் விலகியவரும் வறுமையால் விலகியவரும் ஏட்டில் ஒரே வகையினர்.

நீக்கும் அதிகாரத்தைப் பொறுத்தவரை அன்றைய சொற்கள் அகன்றவை. சென்னை உயர் நீதிமன்றத்தின் 1865ஆம் ஆண்டுச் சாசனத்தின் 10ஆம் கூறு, ‘தகுந்த காரணம்’ இருப்பின் வழக்குரைஞரையும் வக்கீலையும் அட்டர்னியையும் நீக்கவோ இடைநீக்கவோ உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவும், தவறுகளை வரிசையாகச் சொன்னபின் ‘வேறெந்தத் தகுந்த காரணத்துக்காகவும்’ என்று முடிந்தது. அதன் 12ஆம் பிரிவோ குற்றத்தீர்ப்பை நடத்தைக் குறையோடு இணைத்துப் பேசியது.

குற்றத்தீர்ப்பால் சன்னது இழத்தலுக்குத் தமிழுலகம் நன்கறிந்த எடுத்துக்காட்டு வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1908இல் தண்டிக்கப்பட்டு 1912 டிசம்பரில் விடுதலையான அவர் பல ஆண்டுகள் வழக்காட முடியாமல் வறுமையில் உழன்றார். சன்னதை மீட்டுத்தர உதவியவர் ஈ.எச்.வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. அந்நன்றிக்கு அடையாளமாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார் வ.உ.சி. இவ்வரலாற்றை நாட்டுப்பற்றின் கதையாக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். உரிம வரலாறாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது: சன்னது திரும்பக் கிடைப்பதற்கு ஒரு நீதிபதியின் தனிப்பட்ட நல்லெண்ணம் தேவைப்பட்டது. மீள்வுக்கென வகுத்த நடைமுறை அவருக்குக் கைகொடுக்கவில்லை. இழந்தவர் வ.உ.சி. என்பதால் நமக்கு அது தெரியவந்தது.

‘தகுந்த காரணம்’ முதல் ‘தவறான நடத்தை’ வரை

1926ஆம் ஆண்டின் இந்திய பார் கவுன்சில்கள் சட்டம் இரண்டு மாற்றங்களைக் கொணர்ந்தது. உயர் நீதிமன்ற வழக்குரைஞர்களின் பெயர் நிலையான பதிவேட்டில் ஏறியது. நீக்குவதற்கான காரணம் ‘தொழில்சார் அல்லது பிற தவறான நடத்தை’ என்று அதன் 10ஆம் பிரிவில் குறுகியது. தன்னாட்சி வேண்டி நின்ற வழக்குரைஞர் குழாத்துக்கு இது வெற்றியே. நீதிபதியின் மனம்போன போக்கில் ‘தகுந்த காரணம்’ காணப்படும் அச்சம் நீங்கிற்று. ஆனால் அகன்ற சொல் குறுகியபோது, குற்றமற்ற இயலாமையை அணுகுவதற்கான சட்டச்சொல்லும் உடன் மறைந்தது. இதை எவரும் அன்று இழப்பாகக் கருதியிருக்க மாட்டார்கள்.

நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் தலைமையிலான அகில இந்திய பார் குழு 1953இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டம் வந்தது. பிளீடர், வக்கீல், முக்தியார் என்ற படிநிலைகள் அகன்று ‘வழக்குரைஞர்’ என்ற ஒரே வகுப்பு நிலைபெற்றது. 24ஆம் பிரிவு சேர்க்கைத் தகுதிகளைச் சொல்கிறது; 24-அ பிரிவு தகுதியிழப்புகளைச் சொல்கிறது; 35ஆம் பிரிவு தவறான நடத்தைக்கான தண்டனைகளை வகுக்கிறது. 26-அ பிரிவு மிகச் சுருக்கமானது: இறந்தவரின் பெயரையும், நீக்கும்படி வேண்டிக்கொள்பவரின் பெயரையும் மாநில பார் கவுன்சில் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். இறப்புக்கும் விருப்பத்துக்கும் இடையே சட்டம் வேறொரு நிலையைக் காணவில்லை.

இயலாமை என்ற சொல் சட்டத்துக்கு முற்றிலும் அயலானது அன்று. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி அமைந்த 6(2) பிரிவு, வறிய, ஊனமுற்ற, பிற வழக்குரைஞர்களின் நலத்திட்டங்களுக்காக மாநில பார் கவுன்சில் நிதி அமைக்கலாம் என்கிறது. இயலாமை இங்கு உதவிக்குரிய நிலையாக மட்டும் தோன்றுகிறது. உரிமத்தின் நிலை பற்றிய பேச்சாக அது வரவில்லை.

நிறுத்திவைப்பு விதி

உரிமத்தை நிறுத்திவைக்கும் வழி இந்திய பார் கவுன்சில் விதிகளின் ஆறாம் பகுதி, மூன்றாம் இயலில் உள்ளது. அதன் 5ஆம் விதிப்படி, ‘எக்காரணத்தாலாயினும்’ தாமாகத் தொழிலை நிறுத்திவைக்கும் வழக்குரைஞர் அதனைப் பதிவு அஞ்சலில், தம் அசல் சேர்க்கைச் சான்றிதழுடன் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டினர்க்கு அது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள தமிழ்நாடு – புதுச்சேரி பார் கவுன்சில். மீண்டும் தொழிலைத் தொடங்க விரும்பும்போது செயலாளரிடம் விண்ணப்பித்து, இடைப்பட்ட காலத்தில் 24-அ பிரிவின் தகுதியிழப்பு ஏதும் நேர்ந்ததா என்பதை உறுதிமொழி ஆவணத்தில் கூற வேண்டும். சேர்க்கைக் குழு ஆணையிட்டுச் சான்றிதழைக் குறிப்புரையுடன் திருப்பித் தரும்.

விதி எளிமையானது. மருத்துவச் சான்று கேட்பதில்லை. நோயின் பெயரைக் கேட்பதில்லை. இவ்வமைதி ஒருவகையில் அருமையானது. மனநலச் சிகிச்சைக்காக ஓராண்டு விலகும் வழக்குரைஞர் அதை எவரிடமும் சொல்லாமலே விலகித் திரும்பலாம். திரும்புகையில் அவரிடம் கேட்கப்படுவதும் 24-அ பிரிவு பற்றி மட்டுமே. அப்பிரிவு நோயைப் பேசவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மனநோய் உண்டு என்ற முடிவு மட்டுமே ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவராக்காது என்று கூறுவதற்கு நெடுங்காலம் முன்பே, இவ்விதி தன் அமைதியால் ஏறத்தாழ அதே பயனைத் தந்தது.

ஆனால் விதி பிறந்த சூழல் வேறு. நிறுத்திவைப்புக்கு இந்நாட்டில் மிகுதியும் காரணமாவது வேறு பணி. 49ஆம் விதி முழுநேரச் சம்பளப் பணியைத் தடுக்கிறது. அப்பணியேற்பவர் அதைத் தெரிவித்தல் வேண்டும். ஹனிராஜ் சூலானி வழக்கில் (1996) மருத்துவத் தொழிலை விடாமல் வழக்குரைஞராகச் சேர விரும்பியவரை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. வழக்குரைஞர் தொழில் முழுநேர ஈடுபாட்டைக் கோருவது என்பதே அதன் கருத்து. விதி அரசுப் பணிக்குப் போய்த் திரும்புபவரை மனத்திற்கொண்டு இயங்குகிறது. அவர் தாமே அஞ்சலகத்துக்குச் சென்று அசல் சான்றிதழை அனுப்ப வல்லவர். பக்கவாதத்தில் கிடப்பவர் சார்பில் யார் அனுப்புவது? குடும்பத்தினர் அனுப்பலாம் என்றோ கூடாது என்றோ விதி சொல்லவில்லை. ‘தாமாக’ என்ற சொல்லே இயலாதவரை வெளியே நிறுத்திவிடுகிறது.

சேமநல நிதியின் முடிச்சு

இப்பொருளில் உண்மையான இடர்ப்பாடு பணத்தில் வருகிறது. கேரளம் 1980இலும் தமிழ்நாடு 1987இலும் வழக்குரைஞர் சேமநல நிதிச் சட்டங்களை இயற்றின. நாடாளுமன்றம் 2001இல் தன் சட்டத்தை இயற்றியது. தமக்கெனச் சட்டம் உடைய மாநிலங்களுக்கு நடுவண் சட்டம் இடம்விட்டு நிற்கிறது. எனினும், நாடாளுமன்றம் இச்சிக்கலை எவ்வாறு சிந்தித்தது என்பதை அறிய அதன் சொற்களே சிறந்த சான்று.

நடுவண் சட்டத்தின் 19ஆம் பிரிவு நோய்களைப் பெயர்சொல்லிப் பட்டியலிடுகிறது. மருத்துவமனைச் சேர்க்கை, பெரிய அறுவை மருத்துவம், காசநோய், தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், மனநலக் கேடு, பிற கடுநோய் அல்லது இயலாமை ஆகியவற்றுக்குக் கருணைத்தொகை வழங்கலாம் என்கிறது. காசநோயும் தொழுநோயும் பட்டியலின் தலைப்பகுதியில் நிற்பது 2001ஆம் ஆண்டுக்கு உரியதாகத் தோன்றவில்லை. முந்தைய தலைமுறைச் சட்டவரைவின் சாயல் அது.

21ஆம் பிரிவு மேலும் கூர்ந்து படிக்கத்தக்கது. ஐந்தாண்டு வரம்பை நிறைவுசெய்த உறுப்பினர் தொழிலை விட்டு நீங்கும்போது அட்டவணை வீதத்தில் தொகை பெறுவார். நிரந்தர இயலாமையால் ஐந்தாண்டுக்குள்ளேயே நீங்க நேர்ந்தால் அறங்காவலர் குழு அவ்வரம்பைத் தளர்த்தித் தொகை வழங்கலாம். இளம் வழக்குரைஞரை நினைவிற்கொண்ட நற்குறிப்பு இது. ஆனால் ‘தொழிலை விட்டு நீங்குதல்’ என்பதற்குச் சட்டம் தரும் வரையறை, 26-அ பிரிவின்கீழ்ப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படுதல் என்பதே. அதாவது, தொகை வேண்டுமெனில் பெயர் போக வேண்டும். பெயரைக் காத்துக்கொண்டு நிறுத்திவைப்பில் இருப்பவருக்கு 21ஆம் பிரிவின் தொகை இல்லை.

நாற்பது வயதில் விபத்துக்குள்ளாகி, மூன்றாண்டு மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பின் திரும்பலாம் என்று நம்புபவரை எண்ணிப்பார்க்க. பணம் மிகவும் தேவைப்படும் நேரம் அது. பெயரை விட்டுக்கொடுக்க மனம் இசையாத நேரமும் அதுவே. சட்டம் அவரை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கருணைத்தொகை உண்டே என்பர். அது ‘வழங்கலாம்’ என்ற சொல்லின் ஆட்சியில் உள்ளது, உரிமையாகக் கேட்கத்தக்கதன்று.

அதே சட்டம் ‘சஸ்பென்ஷன் ஆஃப் பிராக்டிஸ்’ என்பதையும் வரையறுக்கிறது. தாமாகத் தொழிலை நிறுத்திவைத்தலும், தவறான நடத்தைக்காக மாநில பார் கவுன்சில் இடைநீக்கம் செய்தலும் அதன்கண் ஒரே வரையறைக்குள் அடங்கும். நோயாளியும் நடத்தை தவறியவரும் ஒரே தொடரில் ‘அல்லது’ என்ற இடைச்சொல்லால் இணைக்கப்பட்டுள்ளனர். மேலே கூறிய நிறுத்திவைப்பு – இடைநீக்கம் என்ற தமிழ் வேறுபாட்டைச் சட்டத் தமிழாக்கம் பேணுமானால், மூலம் செய்யத் தவறிய ஒரு நுண்மையை மொழிபெயர்ப்பு செய்ததாகும்.

2015: ஆண்டுச் சான்றிதழின் மறுவருகை

2015இல் இந்திய பார் கவுன்சில் நடைமுறைச் சான்றிதழ், தொழிலிடச் சரிபார்ப்பு விதிகளை வெளியிட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பித்தல், தொழிலில் இருந்தமைக்கு வக்காலத்து முதலான சான்று காட்டல், ‘தொழில் புரியாதோர்’ பட்டியல் ஆகியன இவற்றின் கூறுகள். வேறு தொழிலுக்குச் சென்றவர்கள் சேமநலப் பயனையும் தேர்தல் வாக்கையும் துய்ப்பதைத் தடுப்பதே நோக்கம். 1879இன் புதுப்பித்தல் முறை வேறு வடிவில் திரும்பியது எனலாம், ஒரு முக்கிய வேறுபாட்டோடு. பழைய சட்டம் ‘தொடர விரும்புகிறீரா’ என்று கேட்டது. புதிய விதி ‘தொழில் செய்தீரா’ என்று கேட்கிறது. முதல் வினாவுக்கு நோயாளி விடைசொல்ல முடியும். இரண்டாவது வினாவில், மூன்றாண்டு வக்காலத்துத் தாக்கல் செய்யாதவர் வணிகம் பார்த்தாரா, டயாலிசிஸ் எடுத்தாரா என்ற வேறுபாடு காணாமற்போகிறது. சேமநலப் பயன் மிகவும் வேண்டப்படும் ஒருவரை, அப்பயனைக் காப்பதற்காக வகுத்த விதியே வெளியேற்றக்கூடும்.

அயல்நாட்டு வழக்கு

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற நீதிபதி டாம் கிளார்க் தலைமையிலான குழு 1970இல் வழக்குரைஞர் ஒழுங்கு நடவடிக்கைகள் பற்றி அறிக்கை அளித்தது. இயலாமை உற்றும் நீதிமன்றத்தால் அவ்வாறு அறிவிக்கப்படாத வழக்குரைஞரை நிறுத்திவைக்க வழியில்லை என்பதை அவ்வறிக்கை குறைகளுள் ஒன்றாகச் சுட்டியது. பின்னர் அமெரிக்க வழக்குரைஞர் சங்கத்தின் மாதிரி விதிகளில் 23ஆம் விதி இந்நிலையைத் தனியே வகுத்தது. இது தண்டனையன்று எனப் பிரிக்கப்பட்டிருப்பது அதன் சிறப்பு. வழக்குரைஞரின் விருப்பத்துக்கு மாறாகவும் அவரை அந்நிலைக்கு மாற்ற இயலும் என்பது அதன் இடர். மீள்வதற்கு மருத்துவ ஆய்வும் தொழில் தகுதிச் சான்றும் வேண்டியிருக்கும். நம் 5ஆம் விதியின் அமைதியோடு ஒப்பிட, அங்கே நோயாளியின் மறைபொருள் காக்கப்படுவது கடினம். ஆகவே அம்முறையை அப்படியே இங்குக் கொணர வேண்டும் என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

நுழைவாயிலில் ஒரு வழக்கு

இயலாமையுடன் தொழிலுக்குள் வருபவரையும், தொழிலில் இருக்கும்போது இயலாமை அடைபவரையும் நம் சட்டம் வெவ்வேறாக நடத்துகிறது. வருபவருக்குச் சேர்க்கைத் தடை இல்லை. இளமையிலேயே பார்வை இழந்த சாதன் குப்தா கல்கத்தாவில் வழக்குரைஞராகி, 1953இல் இடைத்தேர்தல் வழி மக்களவைக்குச் சென்று, 1986இல் மேற்கு வங்கத் தலைமை வழக்குரைஞரானார். டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் எஸ்.கே.ருங்டாவை மூத்த வழக்குரைஞராக அறிவித்தது. 2023 செப்டம்பரில் செவித்திறன் குறையுடைய சாரா சன்னி, சைகைமொழி பெயர்ப்பாளர் உதவியுடன் உச்ச நீதிமன்றத்தில் தோன்றினார்.

பூந்தமல்லி இவ்வகையில் கவனத்துக்குரிய ஊர். பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளியும், அவர்தம் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அவ்வூரில் உள்ளன. நீதிமன்ற வளாகமும் உள்ளது. பள்ளியிலிருந்து நீதிமன்றம் செல்லும் வழி தொலைவில் குறைவு. சட்டத்தில் அது எவ்வளவு நீளமாக இருந்தது என்பதைத் தமிழ்நாட்டின் ஒரு வழக்கே காட்டும். 2014இல் உரிமையியல் நீதிபதி பதவிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் விண்ணப்பம் கோரியபோது, பார்வைக் குறை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்போரே தகுதியர் என்ற வரம்பு வைக்கப்பட்டது. 70 விழுக்காட்டுக் குறையுடைய வி.சுரேந்திர மோகன் இதை எதிர்த்தார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரம்பு சரியே என்றது. ஒருவர் தம் குறையுடன் நீதிமன்றத்தில் வழக்காடலாம். அதே குறையுடன் அந்நீதிமன்றத்தின் இருக்கையில் அமர இயலாது என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், தகுந்த வசதி செய்துதரும் கடமையை அத்தீர்ப்பு கருதிப்பார்க்கவில்லை எனக் கூறி உச்ச நீதிமன்றம் அதன் முன்னோடித் தகுதியை மறுத்தது. 2025 மார்ச் 3ஆம் நாள், பார்வைக் குறையுடையோரை நீதிப்பணிக்கு ஏற்க மறுத்த மத்தியப் பிரதேச விதியை நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு நீக்கியது. நுழைவாயில் இவ்வாறு ஆறாண்டில் திறந்தது. விலகும் வாயிலுக்கு இவ்வகை வழக்கு வரலாறு அமையவில்லை. விலகுபவர் வழக்குத் தொடுப்பதில்லை. அவருக்கு அதற்கான வலிமை இருப்பின் அவர் விலகியிருக்கவே மாட்டார்.

கட்சிக்காரரும் கட்டும்

வழக்குரைஞரின் இயலாமை அவரோடு முடிவதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் மூன்றாம் கட்டளை 4ஆம் விதி, வக்காலத்து எப்போது முடிவுறும் என்று கூறுகிறது: நீதிமன்ற அனுமதியுடன் எழுத்துவழி முடிக்கப்படும்போது, கட்சிக்காரரோ வழக்குரைஞரோ இறக்கும்போது, வழக்கு நடவடிக்கைகள் முடியும்போது. இங்கும் இறப்பு உண்டு, இயலாமை இல்லை. படுக்கையில் கிடக்கும் வழக்குரைஞரின் வக்காலத்து சட்டப்படி உயிருடன் இருக்கிறது. வாய்தாக்கள் செல்கின்றன, அழைப்பின்போது எவரும் எழுவதில்லை, ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை பிறக்கிறது.

நோய் சட்டத்தில் இடம்பெறும் ஓரிடம் பதினேழாம் கட்டளை 1ஆம் விதி. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வழக்குரைஞரின் நோயைக் காட்டி வாய்தா கேட்டால், உரிய காலத்தில் வேறு வழக்குரைஞரை அமர்த்தக் கட்சிக்காரரால் இயலவில்லை என்று நீதிமன்றம் நிறைவுகொண்டால் அன்றி வாய்தா தரலாகாது. தாமதத்தைக் கட்டுப்படுத்த வந்த விதி இது. நோக்கத்தில் குறை காண இயலாது. ஆனால் தம் வழக்குரைஞர் நோயுற்றிருப்பதைக் கட்சிக்காரர் எவ்வாறு அறிவார்? தனி அறையும் ஒரு குமாஸ்தாவும் மட்டுமே கொண்ட புறநகர் அலுவலகத்தில், அடைத்த கதவே பலருக்கு முதற்செய்தி. ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் (1981) உச்ச நீதிமன்றம், வழக்குரைஞர் தோன்றாமைக்காகக் குற்றமற்ற கட்சிக்காரர் துன்புறலாகாது என்றது. அத்தீர்ப்பின் துணையால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணைகள் பல நீங்கியுள்ளன. எனினும் அந்நிவாரணம் வழக்குரைஞர் தவறியதாக வைத்தே பேசுகிறது. பக்கவாதமும் அலட்சியமும் மனுவில் ஒரே சொல்லால் எழுதப்படுகின்றன.

இங்கிலாந்தின் 1974ஆம் ஆண்டுச் சொலிசிட்டர் சட்டம் தன் முதல் அட்டவணையில், தனித்துத் தொழில் புரியும் சொலிசிட்டர் நோய், காயம், விபத்து ஆகியவற்றால் தம் தொழிலைக் கவனிக்க இயலாதபோது சட்டச் சங்கம் தலையிட்டு ஆவணங்களைப் பொறுப்பேற்கலாம் என்கிறது. இதுவே நமக்குக் கூடுதல் பொருத்தமுடைய முன்மாதிரி என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அது உரிமத்தைத் தொடாமல் கட்டைத் தொடுகிறது. வழக்குரைஞரின் பெயரையும் மீளும் வாய்ப்பையும் விட்டுவைத்துக் கட்சிக்காரரைக் காக்கிறது. இந்தியாவில் ஆர்.டி.சக்சேனா வழக்கு (2000), கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டுகளைப் பிடித்துவைக்கும் உரிமை வழக்குரைஞருக்கு இல்லை என்று தெளிவாக்கியது. கட்டு கட்சிக்காரருடையது என்பது அதனால் உறுதியாயிற்று. அதைத் திருப்பித் தர வேண்டியவர் எழுந்து நடக்க இயலாதபோது, பூட்டிய அறையைத் திறந்து உரியவரிடம் ஒப்படைக்கும் பொறுப்பு மாநில பார் கவுன்சிலுக்கு உண்டு என 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எப்பிரிவும் கூறவில்லை. இப்போது அப்பணியைச் செய்வோர் ஜூனியரும் குமாஸ்தாவும், அவர்கள் இல்லாதவிடத்து வழக்குரைஞரின் துணைவியோ பிள்ளைகளோதான்.